கடனைக் கொடுப்போம், மானத்தைக் கொடோம்!

தோட்டப் பாட்டாளி மக்களே! கிராணிமாரே!

நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய கங்காணி, வழிச்செலவென்றும் கைச்செலவென்றும் முன்பணம் கொடுத்தான். மலாயாவில் கால் வைத்த அன்றே அவர்கள் கடனாளிகள்! 1938இல் இந்திய அரசு கூலி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது; கங்காணி முறை ஒழிந்தது. அவன் கணக்குப் புத்தகம் ஒழிந்ததா? இல்லை! இன்று அது சட்டைப் பையில் அடங்கும் கடன் அட்டையாக வந்திருக்கிறது.

ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தால் அட்டை கேட்கலாம். அதாவது மாதம் 2,000. பால்மரம் வெட்டுபவரின் பிள்ளைக்கும் ஆபீஸ் கிராணிக்கும் அங்கேதான் வலை விரிகிறது. கணக்கைப் பாருங்கள்! 5,000 வெள்ளி பாக்கிக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால், மாத வட்டி 75 வெள்ளி. "5 விழுக்காடு கட்டினால் போதும்" என்கிறது பில். 250 கட்டுகிறோம், வட்டி போக முதலில் கழிவது 175தான். அட்டையை மறுபடி தொடாமலிருந்தாலும், இப்படியே கட்டிக் கடனை முடிக்க ஐந்தாண்டுக்கு மேலாகும். 'போதும்' என்றால் யாருக்குப் போதும்? வங்கிக்குப் போதும்!

"ஆடம்பரத்தால் கெட்டார்கள்" என்று மேடையில் உபதேசம் செய்யும் பெரியவர்கள் உண்டு. மழை மாதத்தில் வெட்டு குறைந்தபோது பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்தும் கிழவிக்கு மருந்தும் வாங்கியது ஆடம்பரமா? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானதே 2025இல்தான். அந்தப் பணத்தில் பத்து காஜாவில் ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டிவிட்டு உபதேசம் செய்யட்டும்! கல்யாணத்துக்கும் கைப்பேசிக்கும் அட்டையைத் தேய்ப்பவர் நம்மிலும் இருக்கிறார்; அவரை நாம் திருத்துவோம். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவனைத் திருத்துவது யார்?

வாங்கிய கடனைக் கட்ட வேண்டும். அதில் மறு பேச்சில்லை. ஆனால் தவணை தவறியதும் வசூல்காரன் வருகிறான். "சிறைக்கு அனுப்புவேன், சாமானைத் தூக்குவேன், மானேஜரிடம் சொல்வேன்" என்கிறான். அஞ்சாதீர்! அவன் போலீசும் அல்லன், நீதிபதியும் அல்லன். கடன் பாக்கி போலீஸ் வழக்கன்று, சிவில் வழக்கு. கோர்ட்டு உத்தரவோடு கோர்ட்டு ஆள் வந்தால்தான் சாமானில் கை வைக்கலாம். அண்டை வீட்டாரிடமும் முதலாளியிடமும் நம் கடனைப் பறைசாற்ற வசூல்காரனுக்கு உரிமையில்லை. வசூல் நிறுவனங்களையும் கட்டுக்குள் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

ஆனால் சம்மன் வந்தால் அதை அலமாரியில் ஒளிக்காதீர்! நாம் போகாவிட்டால், நாம் இல்லாமலே தீர்ப்பாகும். கடன் 100,000 வெள்ளியை எட்டினால் திவால் வழக்கும் வரலாம். வங்கிக் கடனை அடைக்க ஆலோங்கிடம் ஓடுவதோ, நரிக்குப் பயந்து புலிக்குகையில் புகுவதாகும்!

வழி இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே.க்கு ஈப்போவில் அலுவலகம் உண்டு. ஆலோசனைக்குக் காசு இல்லை. பல வங்கிக் கடன்களை ஒன்றாகக் கணக்கிட்டு, நம் வருமானத்துக்குத் தக்க மாதத் தவணைக்கு வங்கிகளோடு அது பேசுகிறது. ஆலோங் கடனுக்கு அங்கே வழி கிடையாது. ஆகவே ஆலோங்கிடம் போகுமுன்பே அங்கே போங்கள்!

கிராணிமாரே! மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். தெரியாதவருக்குப் படித்துச் சொல்வது உங்கள் கடமையன்றோ?

வசூல்காரனின் ஆயுதம் சட்டமன்று, நம்முடைய வெட்கம்! தனியே அஞ்சி நின்றவனைத்தான் கங்காணியும் அடக்கினான். பெரட்டில் கூடும்போது ஒருவரோடொருவர் பேசுங்கள். கணக்கை விரித்து வையுங்கள். கூலி உயர ஒன்றுபட்டுப் போராடுவோம்! வாங்கியதை முறையோடு கட்டுவோம்! மிரட்டலுக்கு மட்டும் ஒரு காசும் கட்டமாட்டோம்!