100-உடன் 200-ஐக் கூட்டினால் 44

ஒரு லைப்ரரிக்குப் புதிய பெரிய வெர்ஷன் வந்துவிட்டது என்றதும் மென்பொருள் அலுவலகங்களில் இரண்டு பேச்சு கிளம்பும். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்?" என்பது ஒன்று. "ஒரு நாள் வேலை. மாத்திப் போட்டுட்டு, வர்ற எர்ரரையெல்லாம் சரிபண்ணிடலாம்" என்பது மற்றது. முதல் பேச்சில் தயக்கம் தெரிகிறது, இரண்டாவதில் துணிச்சல். ஆனால் அதிகச் சேதம் விளைவிப்பது இரண்டாவதுதான் என்பது எங்கள் கருத்து. எர்ரர் வரும் இடங்கள் தீர்ந்தால் வேலை தீர்ந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. எர்ரர் எதுவும் வராமல் விடை மட்டும் மாறிப்போகும் இடங்கள் அதன் கணக்கிலேயே இல்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. நம்பை என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் எண்களை வைத்துப் பிழைப்பவர்களில் நம்பையைத் தொடாதவர் அரிது. நேரடியாக அழைக்காவிட்டாலும், பாண்டாஸ், சைபை, சைக்கிட்-லேர்ன் என்று அவர்கள் நம்பியிருக்கும் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதன் 1.0 வந்தது 2006 அக்டோபரில். 2.0 வந்தது 2024 ஜூன் 16 அன்று. நடுவே ஏறக்குறைய 18 ஆண்டுகள். முதல் எண் மாறியதையே பார்க்காமல் வேலைக்குச் சேர்ந்து, மேலாளராகவும் ஆகிவிட்டவர்கள் உண்டு.

வெர்ஷன் எண்ணில் முதல் இலக்கம் மாறுவது, பழைய நிரல் அப்படியே ஓடும் என்பதற்கு இனி உத்தரவாதம் இல்லை என்ற அறிவிப்பு. உள்ளே எவ்வளவு புதுமை இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்பை இந்த வழக்கத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பதும் இல்லை. 2021 ஜனவரியில் வந்த 1.20-இல் சில பழைய பெயர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது. 2022 டிசம்பரில் வந்த 1.24-இல் அவற்றை எடுத்தேவிட்டது. நடு எண்தானே மாறுகிறது என்று போனவர்கள் அங்கேயே தடுக்கி விழுந்தார்கள். அப்படியானால் 2.0-க்கென்று ஒதுக்கி வைத்தது என்ன? சின்ன வெர்ஷனில் நியாயமாகச் செய்யவே முடியாத இரண்டு காரியங்கள்: பைனரி அமைப்பை மாற்றுவது, கூட்டல் கழித்தலின் விதியை மாற்றுவது.

இவை போக, பெயர்களைக் களையெடுக்கும் வேலையும் நடந்தது. நம்பையின் முகப்பில் கிடந்த பெயர்களில் சுமார் 100 நீக்கப்பட்டன, இடம் மாற்றப்பட்டன, அல்லது இனி வேண்டாம் என்று குறிக்கப்பட்டன. பெருக்கலுக்கு ப்ராட் இருக்க ப்ராடக்ட் எதற்கு என்பது போன்ற இரட்டைகள்தான் பெரும்பாலும். இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. நீக்கிய பெயரை அழைத்தால் நிரல் அந்த வரியிலேயே நின்று, அதற்குப் பதில் எதைப் பயன்படுத்துவது என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ரஃப் என்ற சோதனைக் கருவியில் என்பிஒய்201 என்ற விதியை இயக்கினால், பெரும்பாலானவற்றைத் தானே திருத்தியும் கொடுக்கும். மாற்றத்தின் பட்டியலில் மிக நீளமான பகுதி இதுதான். ஆபத்தில் மிகச் சின்னது.

பைனரி விஷயம் வேறு ரகம். நம்பையை நம்பியிருக்கும் பல லைப்ரரிகளின் உட்புறம் சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்யப்பட்டது. நம்பை 1-இன் அளவுக்குத் தைத்த சட்டை அது. 2-க்குப் போட்டால் ஏறாது. அப்போது பலரும் கண்ட எர்ரர், எண்ணின் வகையைக் குறிக்கும் டிடைப் அமைப்பின் அளவு மாறியிருக்கிறது, 96 எதிர்பார்த்த இடத்தில் 88 கிடைத்தது என்று முறையிட்டது. தம் நிரலில் 96-ஐயும் 88-ஐயும் தேடியவர்களுக்கு எதுவும் அகப்பட்டிருக்காது. கோளாறு அவர்கள் எழுதியதில் இல்லை. நடுவில் இருந்த ஏதோ ஒரு லைப்ரரி, நம்பை 2-க்குக் கீழ் மட்டும் என்று தன் தேவைப் பட்டியலில் வரம்பு வைக்கத் தவறியிருக்கும். லைப்ரரிகளை நிறுவும் பிப் தன் இயல்புப்படி இருப்பதிலேயே புதியதை இறக்கியிருக்கும். இதற்கு மருந்து அந்த லைப்ரரியின் புதிய வெர்ஷன், அது வரும்வரை வரம்பு. சைபை 1.13-உம் பாண்டாஸ் 2.2.2-உம் 2024 ஏப்ரலிலேயே, அதாவது நம்பை 2.0 வெளியாவதற்கு முன்னரே, அதற்குத் தயாராகிவிட்டன. நம்பை 2-ஐ வைத்துக் கம்பைல் செய்தது நம்பை 1-இலும் ஓடும்படி அமைத்ததால்தான் அது முடிந்தது. வெளியில் அதிகம் பேசப்படாத நல்ல வேலை அது.

இனி கணக்கு விதி. நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு படத்தைத் திறந்தால், ஒவ்வொரு புள்ளியின் ஒவ்வொரு நிறமும் வழக்கமாக 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாக இருக்கும். 8 பிட்டில் அதற்கு மேல் இடமில்லை. அதிலிருந்து ஒரு புள்ளியை மட்டும் எடுக்கிறோம்; மதிப்பு 100. வெளிச்சத்தைக் கூட்ட 200 சேர்க்கிறோம். நம்பை 1 தரும் விடை 300. நம்பை 2 தரும் விடை 44. 255-ஐத் தாண்டியதும் எண்ணிக்கை மறுபடி 0-விலிருந்து ஓடும், 300-இல் 256 போக மீதி 44. ஓர் எச்சரிக்கையும் காட்டும். ஆனால் பைத்தானின் வழக்கப்படி ஒரே வரியிலிருந்து வரும் ஒரே எச்சரிக்கை ஒருமுறைதான் அச்சாகும். லட்சம் புள்ளிகளைச் சுற்றிவரும் நிரலின் லாக்கில் அது ஒற்றை வரியாக எங்கோ கிடக்கும். நிரல் நிற்காது. படம் வரும். வெளுக்க வேண்டிய இடங்கள் கறுத்திருக்கும்.

பார்த்தவுடன் புதிய வெர்ஷன் கணக்கில் தப்பு செய்கிறது என்றுதான் தோன்றும். இன்னொரு சோதனை செய்து பாருங்கள். அந்தப் புள்ளியைத் தனியாக எடுக்காமல் முழுப் படத்தோடும் 200-ஐக் கூட்டினால், நம்பை 1-இலும் அந்தப் புள்ளிக்கு விடை 44-தான், அதுவும் எச்சரிக்கை இல்லாமல். ஒரே எண்கள், ஒரே கூட்டல். தனியாக எடுத்தால் ஒரு விடை, அரேயில் இருந்தால் வேறு விடை. இதோடும் முடியவில்லை. முழுப் படத்தோடு 200-க்குப் பதில் 300-ஐக் கூட்டினால், 300 என்பது 8 பிட்டில் அடங்காது என்று பார்த்து, நம்பை 1 முழு அரேயையும் 16 பிட்டாக மாற்றித் தரும். கூட்டுகிற எண்ணின் மதிப்பைப் பார்த்து விடையின் வகையைத் தீர்மானிப்பது பழைய விதி. இன்று 200 என்று இருக்கும் மாறி நாளை 300 ஆனால், நினைவகத்தில் படத்தின் அளவே இரட்டிப்பாகிவிடும்.

புதிய விதி மதிப்பைப் பார்ப்பதில்லை, வகையை மட்டுமே பார்க்கிறது. பைத்தானின் வெறும் எண்ணுக்குத் தனி அதிகாரம் கிடையாது. எதோடு சேர்கிறதோ அதன் வகைக்கு அடங்கிப் போகும். அடங்கவே முடியாத 300 வந்தால் எர்ரர். ஆக, 44 என்பது புதிதாகப் பிறந்த தவறு அல்ல. பழைய முரண்பாட்டில் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வேண்டியது 300 என்றால், அகலமான வகைக்கு மாற்றிவிட்டுக் கூட்டு என்று நிரல் வாய்திறந்து சொல்லியாக வேண்டும்.

தசம எண்களில் கதை இரு திசையிலும் போகிறது. ஒற்றை 32 பிட் எண்ணோடு பைத்தானின் 3.0-ஐக் கூட்டினால் முன்பு 64 பிட் விடை, இப்போது 32; துல்லியம் குறைகிறது. 32 பிட் அரேயிலிருந்து, நம்பையே கொடுத்த ஒரு 64 பிட் சராசரியைக் கழித்தால் முன்பு 32, இப்போது 64, நினைவகம் இரட்டிப்பாகிறது. பெரிய தரவை வைத்திருப்பவர்களுக்கு இது மெமரி போதவில்லை என்ற உருவத்தில்தான் வந்து சேரும். அந்தச் சராசரியைச் சாதாரண பைத்தான் எண்ணாக மாற்றிவிட்டுக் கழித்தால் போதும், பழையபடி 32-இலேயே நிற்கும்.

விண்டோஸில் இன்னொன்று. 64 பிட் கணினியாக இருந்தாலும் அங்கே நம்பையின் இயல்பான முழு எண் 32 பிட்டாகவே இருந்துவந்தது. 214 கோடியைத் தாண்டினால் எண் எதிர்மறைக்குப் புரளும். லினக்ஸில் சரியாக ஓடியது விண்டோஸில் ஏன் மைனஸ் காட்டுகிறது என்று தலையைச் சொறிந்தவர்கள் பலர். 2.0 அதையும் 64 ஆக்கிவிட்டது. விண்டோஸில் மட்டுமின்றி எங்கும் தெரியும் மாற்றம் ஒன்றும் உண்டு: ஒரு நம்பை எண்ணை லிஸ்டில் வைத்து அச்சிட்டால் 12.5 என்று வந்ததற்குப் பதில் இப்போது என்பி.ஃப்ளோட்64 என்ற உறையோடு வரும். கண்ணுக்கு மட்டும்தானே என்று விடலாம். அந்த அச்சை ஃபைலில் எழுதி, மறுபுறம் இன்னொரு நிரல் படித்துக்கொண்டிருந்தால் விட முடியாது.

இத்தனைக்கும் பிறகு செய்ய வேண்டியது என்ன? ஒரே தாவலில் 2-க்குப் போகாமல், முதலில் 1 வரிசையின் கடைசியான 1.26-க்கு வாருங்கள். அங்கே டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை எர்ரராக மாற்றி ஓட்டுங்கள். சாதாரணமாக ஓட்டினால், நேரடியாக இயக்கும் ஃபைலில் எழுந்தவை தவிர மற்றதை பைத்தான் மறைத்துவிடும். எச்சரிக்கையே இல்லை என்று பலர் நம்பியதற்குக் காரணம் இந்த மறைப்புதான். கணக்கு விதிக்கென்று 1.26-இலேயே ஒரு சோதனைச் சாவியும் உண்டு: புதிய விதியை இயக்கிவைத்து, விடை மாறும் இடங்களில் குரல் கொடுக்கச் சொல்லலாம். நிறைய வெற்று அலறலாக இருக்கும். பொறுமையாகப் படித்தால் மீதியில் உங்கள் 44 கிடைக்கும்.

டெஸ்ட்டெல்லாம் பச்சை காட்டுகிறது என்பதை இங்கே அப்படியே நம்ப முடியாது. இரண்டு அரேக்கள் சமமா என்று பார்க்க நம்பை தரும் வழக்கமான சோதனை மதிப்பை மட்டுமே ஒப்பிடும். ஒன்று 32 பிட், மற்றது 64 என்றாலும் பாஸ்தான். வகையையும் பார் என்று கறாராகச் சொல்லும் வசதி 1.24-இல்தான் சேர்ந்தது, நீங்களாகக் கேட்டால்தான் இயங்கும். ஆகவே மாற்றுவதற்கு முன், உண்மையான தரவைக் கொடுத்து ஓட்டி, வரும் விடைகளை வகையோடு சேர்த்து எடுத்து வையுங்கள். மாற்றியபின் அவற்றோடு ஒப்பிடுங்கள். அந்த வாரத்தில் நிரலை அழகுபடுத்தும் வேலை எதையும் கூடவே செய்யாதீர்கள். விடை மாறினால், மாற்றியது லைப்ரரியா நீங்களா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

"எதுக்குத் தொடணும்?" என்ற முதல் பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். காத்திருப்பது குற்றமல்ல. நம்பியிருக்கும் லைப்ரரி ஒன்று இன்னும் தயாராகவில்லை என்றால், நம்பை 2-க்குக் கீழ் என்று வரம்பெழுதி, ஏன் என்று பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் போட்டு வைப்பது பொறுப்பான செயல். காரணம் எழுதாத வரம்புதான் தொல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதை எடுக்க எவருக்கும் தைரியம் வராது. காத்திருப்புக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. 1.26 ஆதரிப்பது பைத்தான் 3.9 முதல் 3.12 வரைதான். 2024 அக்டோபரில் வந்த 3.13-க்கு நம்பை 2.1-இலிருந்துதான் ஆதரவு. ஆக, 1.26-இல் தங்குகிறவர்கள் பைத்தான் 3.12-இலும் தங்குகிறார்கள். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும்.