மலையில் விஷமுறிவு மருந்து வேண்டும்



ஜவ்வாது மலையில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. இரவில் ஆட்டுப்பட்டியையும் சாமைக் காட்டையும் காப்பது அதுதான். அதைக் கண்ணாடி விரியன் கடித்தால் கடித்த இடம் வீங்கி, ஈறிலிருந்து ரத்தம் கசியும். நாயைச் சாக்கில் கிடத்தி பைக்கில் வைத்துக்கொண்டு சிகிச்சைக்காக மலையடிவாரத்துப் போளூருக்கு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையை இரவில் கடப்பது மனிதருக்கே ஆபத்து.

மனிதருக்குப் போடும் அதே பன்முக விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் மாட்டுக்கும். சீக்கிரம் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிடைப்பது போன்ற உயர்சிகிச்சை சென்னையில் இருக்கிறது; எங்களுக்கு அது எட்டாத தூரம். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் பல குக்கிராமங்களில் செல்போன் சிக்னலே இல்லையே!

மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் விஷமுறிவு மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். ஈனமுடியாமல் தவிக்கும் பசுவுக்கும் ஆட்டுக்கும் உதவ இரவுப்பணி மருத்துவர் ஒருவரும் தேவை. கால்நடைத் துறை இவற்றை இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்துதர வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்