குவாரி ஊர்களின் பணத்துக்குக் கணக்குக் கேட்போம்: நெல்லை மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



ஆகஸ்ட் 15 கிராம சபை நெருங்கிவிட்டது. தீர்மான நோட்டில் குடிநீர், தெருவிளக்கு, வாறுகால் என்று வழக்கமான வரிசை இருக்கும். அதோடு இன்னொன்றையும் இந்த முறை எழுத வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி என்று ஒன்று இருக்கிறது. குவாரியால் பாதிக்கப்படும் ஊர்களுக்கென்றே சட்டம் ஒதுக்கிய பணம் அது. நம் ஊருக்கு அதில் எவ்வளவு வந்தது, எந்த வேலைக்குப் போனது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடைமிதிப்பான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 மே 14 ராத்திரி, முந்நூறு அடிக்கும் மேல் ஆழமுள்ள குவாரிக்குள் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. மேலும் மேலும் பாறை சரிந்ததால் மீட்பு வேலை நாள்கணக்கில் இழுத்தது. நான்கு உயிர் போயிற்று. அதற்குப் பிறகுதான் மாவட்டத்துக் குவாரிகளை அளந்து பார்க்க அதிகாரிகள் கிளம்பினார்கள். நான்கு பேர் சாகாமல் இருந்திருந்தால் அந்த அளவீடும் நடந்திருக்காது.

அளந்ததற்கு என்ன பலன்? அனுமதித்த அளவை மீறி வெட்டியதற்காக இந்த மாவட்டத்துக் குவாரிகளுக்கு 262 கோடி ரூபாய் விதிக்கப்பட்ட அபராதம், மேல்முறையீட்டில் 14 கோடிக்கும் கீழே இறக்கப்பட்டது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பகிரங்கமாகவே குற்றம்சாட்டியது. ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரியில் நூறு ரூபாய் பாக்கி வைத்தால் நமக்கு யாராவது தள்ளுபடி தருவார்களா?

2025 ஏப்ரலில் நடந்ததையும் பாருங்கள். கனிம நில வரி வந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. சாதாரணக் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணம் டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ரூபாயாகக் குறைந்தது. அவர்கள் தொழிலின் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டார்கள், அரசு காது கொடுத்தது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கனிம அறக்கட்டளைக்கு வரும் பணம் இந்தச் சீனியரேஜில் ஒரு பங்கு. சீனியரேஜ் இறங்கினால் குவாரி ஊர்களின் பங்கும் சேர்ந்தே இறங்கும். அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் நம் சார்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

சட்டம் சொல்வது இதுதான். 2015இல் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 9பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கனிமம் எடுக்கும் மாவட்டங்களில் ஓர் அறக்கட்டளை அமைய வேண்டும். குத்தகைதாரர் அரசுக்குக் கட்டுவதோடு இதற்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களுக்கும் இடங்களுக்கும் பயன்படத்தான் அந்தப் பணம். தலைவர் மாவட்ட ஆட்சியர். மாநிலக் கஜானாவுக்கோ நிவாரண நிதிக்கோ இதைத் திருப்பிவிடக் கூடாது என்று 2021 ஜூலையில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் தனியாக உத்தரவே போட்டது. 2024 ஜனவரியில் திருத்திய விதிமுறைப்படி 70 சதவீதத்துக்குக் குறையாமல் குடிநீர், சுற்றுச்சூழல், மருத்துவம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குப் போக வேண்டும். நாடு முழுவதும் இப்படிச் சேர்ந்த தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

அதே விதிமுறையில், குவாரியிலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி என்று இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடைமிதிப்பான்குளத்தை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் பாளையங்கோட்டையும் உள்ளே வந்துவிடும். டவுனில் போடும் சாலையையும் கணக்கில் காட்டலாம் என்றாகிவிடும். வெடிச் சத்தத்தில் குழந்தை அலறி எழும் வீட்டுக்கு முதல் உரிமையா, பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள கட்டடத்துக்கா? இதைக் கிராம சபை எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

குவாரிக்குப் பக்கத்து ஊரில் ஒரு சாயங்காலம் இருந்து பாருங்கள். வெடி போட்டால் அடுக்களையில் ஏனம் அதிர்கிறது. சுவரில் விழுந்த கீறலைச் சிமென்ட் வைத்துப் பூசுகிறார்கள், அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி கீறல் விடுகிறது. கொடியில் காயும் துணி, மாட்டுக்குப் போடும் புல், முருங்கை இலை எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதி. டாரஸ் லாரி போகும் ரோட்டில் பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்ப முடிவதில்லை. மழை வந்தால் கிரஷர் தூள் ஓடையில் இறங்கிக் குளத்தில் படிகிறது. தண்ணீர் வரும் வழி அடைபட்ட குளத்தை நம்பி எந்தச் சம்சாரி நாற்றுப் பாவுவார்? எட்டு அணைக்கட்டுகளின் வழியே 86,107 ஏக்கருக்குப் பாசனம் தரும் ஆறு என்று தாமிரபரணியைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அந்த ஆற்றுக்கும் நம் குளங்களுக்கும் தண்ணீர் கொடுக்கும் மேட்டு நிலத்தைத்தான் ஜல்லியாக உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

2010இல் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது. ஆற்று மணலுக்குப் பதில் பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் என்றானபோது பாரம் பாறைகள் மேல் விழுந்தது. அப்படியும் ஆறு தப்பவில்லை. கல்லிடைக்குறிச்சி பக்கம் பொட்டலில், எம் சாண்ட் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்று மணலையே அள்ளிய வழக்கில் 9.57 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தப் பணத்தில் பொட்டல் ஊருக்கு என்ன கிடைத்தது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும்.

உத்தரவு போட்டால் வேலை நடக்கும் என்பதையும் நாம் பார்த்தோம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். மூன்று நாளில் அள்ள வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கெடுத்தவர்தான் சரிசெய்ய வேண்டும் என்பது குவாரிக்கும் பொருந்தும். அதற்கான பணமும் நிதியாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டியவை கண்ணெதிரே கிடக்கின்றன. கைவிட்ட குழிகளுக்கு வேலி இல்லை. குவாரி, கிரஷர் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை வேண்டும். ராஜஸ்தானில் கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோய் என்று சான்று பெற்றவருக்கு மூன்று லட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம் என்று 2019இல் கொள்கையே வகுத்து, இதே கனிம நிதியைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் மூச்சு வாங்கிச் சாகிறவரை டிபி என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம்.

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். கிராம சபை அன்று எத்தனை பேர் வருகிறோம்? தீர்மான நோட்டு வீடு தேடி வந்தால் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. குவாரி முதலாளி கோயில் கொடைக்கு வரி எழுதினார், மைக் செட்டுக்குக் கொடுத்தார் என்று வாய் மூடிக்கொள்கிறோம். அவர் கொடுத்தது அவருடைய தாராளம். கனிம நிதியோ நமக்குச் சட்டப்படி சேர வேண்டியது. பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையத்தில் புது வீடு கட்டுகிறவர்களுக்கும் சொல்கிறோம்: உங்கள் மாடிக்கு வந்த ஜல்லி எங்கள் ஊர்ப் பாறை. எங்களோடு நிற்க உங்களுக்கும் கடமை இருக்கிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். இந்த மாவட்ட அறக்கட்டளைக்கு ஆண்டுவாரியாக வந்தது எவ்வளவு, எந்த ஊரில் எந்தப் பணிக்கு எவ்வளவு செலவு, பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலில் நம் ஊர் இருக்கிறதா என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். கிராம சபையில் இரண்டு தீர்மானம் போடுங்கள்: இந்த நிதியில் நம் ஊரில் முதலில் நடக்க வேண்டிய வேலைகள் எவை என்று ஒன்று, நிதியின் வரவு செலவை ஆண்டுதோறும் கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்று இன்னொன்று. தீர்மான நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கூலி கேட்டு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உள்ளிட்ட 17 பேரை 1999 ஜூலை 23 அன்று போலீஸ் தடியடியின்போது அதே ஆட்சியர் அலுவலகப் பக்கத்து ஆற்றில் இழந்த மாவட்டம் இது. மனுவை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் கேட்பது கணக்கு. அதைக் காட்டும்வரை எங்கள் ஊர்களில் புதுக் குவாரிக்கு நடக்கும் ஒவ்வொரு கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் எதிர்ப்பைப் பதிவு செய்வோம்.

ஆகஸ்ட் 15 காலையில் கிராம சபைக்கு வாருங்கள். தீர்மானத்தை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
குவாரிப் பகுதி ஊர்மக்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.