வயலுக்கு அப்புறம் போகலாம், முதல்ல ஓட்டு!

விவசாயப் பெருங்குடி மக்களே!

தண்ணிக்கும் விலைக்கும் வருஷம் பூராவும் தெருவுல நிக்கிறோம். ஓட்டுன்னைக்கு மட்டும் களை எடுக்கணும்னு வயலுக்குப் போயிடுறோம். இது நியாயமா? 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 49 ஓட்டு! ஒரு தெரு ஓட்டு!

காலை 7 மணிக்கே வரிசையில் நில்லுங்கள். பூத் சிலிப் மட்டும் செல்லாது. வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"உன் ஓட்டைப் போட்டாச்சு, போய்யா"ன்னு விரட்டினால் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பாதீங்க! தலைமை அதிகாரியிடம் 49பி விதியைச் சொல்லி டெண்டர் ஓட்டு கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டினால் வாக்குச்சீட்டு கொடுத்தே ஆகணும். அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கு வந்தால் அதுதான் சாட்சி.

ஓட்டும் விதைநெல்தான். அடுத்தவன் கையில் விடாதீங்க!