கைநாட்டு வைத்தாலும் அடிமை அல்ல

"முன்பணம் வாங்கினாயே, கைநாட்டு வைத்தாயே, கடனை அடைக்காமல் எங்கே போகிறாய்?" செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் வெளியேற நினைக்கும் குடும்பங்களை முதலாளி மடக்கும் கேள்வி இது. அந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் இருளர் முதலான பழங்குடியினருமே. எழுதிக்கொடுத்துவிட்டால் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று நம் மக்களும் நம்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அடிப்படை உரிமைகளில் பல, அரசின் கையைக் கட்டுபவை. சில மட்டும் தனியாரையும் கட்டும். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அத்தகையது. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆவது பிரிவும் அத்தகையதே.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. சங்கிலியும் சவுக்கும் மட்டுமே கட்டாயம் அல்ல. வறுமை காரணமாக, வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்பே என்றது. பசித்தவரின் சம்மதத்தைச் சம்மதமாக எண்ண முடியாது என்பதே இதன் பொருள்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. கொத்தடிமையாக உழைக்கவைக்கும் ஒப்பந்தமோ வழக்கமோ எதுவும் செல்லாது. அந்தக் கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. குற்றம் உறுதியானால் மூன்றாண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

முன்பணம் வாங்குவதெல்லாம் கொத்தடிமைத்தனம் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி, விரும்பிய இடத்துக்குப் போகவும் வேறு வேலை தேடவும் உரிய கூலி கேட்கவும் விடாமல் தடுத்தால், அது கொத்தடிமைத்தனமே.

இத்தனை இருந்தும், புகார் கொடுக்கப் போனால் 'கூலித் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவைப்பது என்ன நியாயம்? கோட்டாட்சியர்கள் உடனே விசாரித்து விடுதலைச் சான்றிதழ் வழங்க வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். நம் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்பதை நிர்வாகம் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசமைப்பைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். சூளைக்குப் போகும் உறவினரிடம் 23ஆவது பிரிவைச் சொல்லி அனுப்புங்கள். உழைப்புக்கு விலை பேசலாம். உழைப்பவரின் விடுதலையை அடகு வைக்க எந்தப் பத்திரத்துக்கும் அதிகாரமில்லை.