கைத்துப்பாக்கி விளையாட்டும் நம் மாணாக்கரும்

நம் கல்லூரியின் உயர்வகுப்பு மாணாக்கன் ஒருவன் சில திங்களுக்கு முன் எம்மிடம் வந்து, "ஐயா, ஓடியும் நின்றும் கைத்துப்பாக்கியாற் சுடும் போட்டியொன்று உலகெங்கும் நடைபெறுகின்றதாமே, அதிற் சேர்வதற்கு எங்கே தொடங்கவேண்டும்?" என்று வினவினான். அவனுடைய அன்னையார் அருகே நின்றார். மகன் வாய்மூடுமுன்னரே, "துவக்கு என்ற சொல்லை எடுக்காதே என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்" என்றார். மகனுக்கு விடை கூறுதல் எளிது. அன்னையாருக்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. இருவரையும் மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றேம்.

அன்னையாரின் அச்சம் பேதைமையின்பாற் பட்டதன்று. 1971இலும் பின்னர் 1987 முதல் 1989 வரையும் இம்மலைநாடு கண்ட குருதியை முதியோர் மறந்திலர். 1983 ஆடி மாதத்தை நம் வீடுகளில் நினைவூட்டவே வேண்டா. அவ்வாண்டு மூண்டெழுந்த போர் 2009 வைகாசி வரை நீடித்தது. துவக்கைக் கண்டாற் கதவடைக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடக்கூடியதன்று. இன்றும் சிற்றூர்களிற் காட்டுப்பன்றிக்கென வைக்கும் கட்டுத்துவக்கிற் சிக்கிக் காலிழந்தோரும் உயிரிழந்தோரும் உளர். ஆதலின், "இது வெறும் விளையாட்டுத்தானே" என்று கூறி அன்னையாரின் வாயை அடைக்க யாம் முயலோம்.

ஆயினும் பிறிதொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1900ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை, கண்டி நகரையே தன் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. முதல் உலகப் போரின்போது எகிப்துக்குக் கப்பலேறிச் சென்ற அப்படையில் ஐரோப்பியருக்கு மட்டுமே இடம் இருந்தது. 1949இல் அது கலைக்கப்பட்டது. துரைமார் குறி பார்த்துச் சுட்ட ஓசையைக் கொழுந்துக் கூடையுடன் நின்று கேட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். படையும் துரைமாரும் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும், குறிபார்த்தல் பிறர்க்குரிய வித்தை, நமக்கு அதன் ஓசை மட்டும் என்றிருப்பது யாம் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. நம் நகரிற் பிற பாடசாலைப் பிள்ளைகள் காற்றுத் துவக்கேந்திப் போட்டிக்குச் செல்கின்றனர். நம் பிள்ளைகள் சாலையோரத்தில் நின்று பார்க்கின்றனர்.

இனி மாணாக்கனுடைய வினாவுக்கு வருவோம். அவன் குறிப்பிட்டது செயன்முறைக் கைத்துப்பாக்கிப் போட்டி. 1976ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் இதற்கென ஓர் அனைத்துலகக் கூட்டமைப்பு நிறுவப்பெற்றது. ஜெஃப் கூப்பர் என்னும் முன்னாள் மரைன் படைவீரர் அதன் முதற் தலைவர். துல்லியம், வலிமை, விரைவு என்னும் மூன்றும் அதன் குறிக்கோள். ஒலிம்பிக் கைத்துப்பாக்கி ஆட்டத்திற் சுடுவோன் ஓரிடத்தில் நின்றே சுடுவான். இதிலோ, உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தடுப்புகளின் பின்னிருந்தும், சாளரத்தின் வழியாகவும், நடந்தும் ஓடியும், பல்வேறு தொலைவுகளிலுள்ள தாள் இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுடல் வேண்டும். எவ்வழியே செல்வது, எதனை முதலிற் சுடுவது என்பதைப் போட்டியாளனே முன்கூட்டி வகுத்துக்கொள்கின்றான். இதில் உடலோடு மூளையும் ஓடவேண்டியிருக்கின்றது.

இவ்விளையாட்டின் கணக்கு எம்மை மிகவும் கவர்ந்தது. பெற்ற புள்ளிகளைச் சென்ற செக்கன்களால் வகுத்து வருவதே அவனது பேறு. ஆறு தாள் இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேட்டு எனக் கொள்வோம். நடுப்பகுதிக்கு ஐந்து புள்ளி. வலுக்குறைந்த தோட்டாவாயின் அடுத்த பகுதிக்கு மூன்று, ஓரத்துக்கு ஒன்று. நிதானி ஒருவன் பன்னிரண்டு வேட்டையும் நடுவிலேயே வைத்து 60 புள்ளி பெற்று, 15 செக்கன் எடுத்துக்கொண்டால் அவன் பேறு 4. விரைவோன் ஒருவன் எட்டினை நடுவிலும், மூன்றினை அடுத்த பகுதியிலும், ஒன்றினை ஓரத்திலும் வைத்து 50 புள்ளியோடு 10 செக்கனில் முடித்தால் அவன் பேறு 5; வெற்றி அவனுடையது. ஆனால் அந்தக் கடைசி வேட்டு இலக்கையே தப்பிவிடின், ஒரு புள்ளி போவதன்றி மேலும் பத்துப் புள்ளி தண்டமாகக் கழியும். எஞ்சுவது 39, பேறு 3.9. இப்பொழுது நிதானி வென்றுவிட்டான்! விரைவுக்கும் நிதானத்துக்கும் இடையே இத்துணை நேர்மையாகத் தராசு பிடிக்கும் விளையாட்டுகள் சிலவே. நம் கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் கூறினால் வகுத்தற் கணக்கை வெறுப்போரும் காது கொடுப்பர்.

ஆயினும், மாணாக்கன் இங்கே தொடங்கலாகாது என்பதே எம் கருத்து. துரோணர் தம் மாணாக்கரை நோக்கி, மரத்திலிருக்கும் பறவையிற் காண்பது என்ன என்று வினவிய கதையை நாம் அனைவரும் அறிவோம். பறவையின் கண்ணையன்றிப் பிறிதொன்றும் காணேன் என்ற பின்னரே அருச்சுனனுக்கு அம்பு விட ஆணை கிடைத்தது. ஓடிச் சுடுதல் பின்னர். நின்று காணுதல் முன்னர்.

அதற்கு ஏற்றது பத்து மீற்றர்க் காற்றுக் கைத்துப்பாக்கி. 4.5 மில்லிமீற்றர்ச் சிறு ஈயக்குண்டு; ஒற்றைக் கையாற் பிடித்தல்; பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர், அஃதாவது நம் சிறுவிரல் நகத்தின் அளவு. 75 நிமிடத்தில் 60 வேட்டு. முதல் மாதத்தில் ஒரு குண்டேனும் வேண்டியதில்லை. வெறுந்துப்பாக்கியை மேற்பார்வையாளர் முன்னிலையில் நீட்டிப் பிடித்து, முன்குறியை மட்டும் கண்ணால் உறுதியாகப் பற்றி, விசையை மெல்லப் பின்னிழுத்து, விசை விடுபடும்போது முன்குறி அசைகின்றதா என்று காணல் வேண்டும். நூறு தரம் இழுத்து ஒரு தரமும் அசையாத நாளன்றே குண்டுக்கு உரிமை உண்டாகின்றது. இப்பயிற்சி சலிப்பூட்டுவது என்பதில் ஐயமில்லை. சலிப்பைத் தாங்கமாட்டாதவன் விரைவுப் போட்டியில் தனக்கும் பிறர்க்கும் இடையூறாவான்.

காற்றுத் துப்பாக்கியை ஏளனஞ் செய்வோர்க்கு ஒரு சொல். அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிற் பெற்ற இரண்டு வெண்கலமும் இக்காற்றுக் கைத்துப்பாக்கியாற் பெற்றவையே. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்று றைபிளால் உலக அரங்குகளில் தமிழ்ப் பெயரை ஒலிக்கச் செய்தார். நம் நாட்டுத் தெகானி எகொடவெல, 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே றைபிளோடு நின்றார். மூவரும் பெண்கள் என்பதைக் கல்லூரியின் ஆடவர் கவனிப்பாராக. இன்னும் ஒருவரைக் கூறாது விடல் இயலவில்லை. அங்கேரி நாட்டுக் கரோலி தக்காச்சு என்பார் 1938இற் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தார். ஒருவரும் அறியாது இடக்கையைப் பழக்கி, 1948இலும் 1952இலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றார்.

செயன்முறைப் போட்டியிலிருந்து முதல் நாளே கற்கவேண்டியது ஒன்று உண்டு. அஃது அதன் ஒழுங்கு. அங்கே துப்பாக்கிகள் யாவும் குண்டின்றியே உறையில் இருக்கும். அலுவலர் ஆணையிட்டாலன்றி எவரும் குண்டேற்றலாகாது. சுடும் கணத்திலன்றி விரல் விசையைத் தீண்டலாகாது. குழல்வாய் குறித்த எல்லைக்கு அப்பாற் திரும்பினாலோ, போட்டியின்போது துப்பாக்கி கைநழுவி விழுந்தாலோ, அன்று முழுப் போட்டியினின்றும் நீக்கம். உலக வீரனாயினும் விலக்கில்லை. வெறுந்துப்பாக்கியைக் கையாள்வதற்கெனத் தனியிடம் உண்டு. அங்கே ஒரு போலித் தோட்டாவைத் தொடுவதும் குற்றம். மனித உருவை ஒத்த இலக்கு வேண்டா என்போர்க்காகத் தலையற்ற எண்கோண இலக்கும் வகுத்துள்ளனர். நம் நாட்டவர் எக்காலத்தும் அதனையே கொள்ளுதல் தகும்.

சட்டத்தை மறத்தலாகாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. 1996இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். உண்மைக் கைத்துப்பாக்கியை விளையாட்டுக்கென ஒரு மாணாக்கன் தனியே பெறுவது நடவாது, நடவாமலிருப்பதே நன்று. படைக்கலம் வீட்டுக்கு உரியதன்று, சங்கத்துக்கு உரியது என்ற விதியிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

இதற்கு ஆகும் பணத்தை நூலகத்துக்குக் கொடுக்கலாமே என்பாரும் நம்முள் உளர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. நூலகத்துக்கு முதற் பங்கு தருக என்றே யாமும் கூறுவோம். ஆனால் கிரிக்கெற்றுக்கு மட்டையும் பந்தும் வாங்கும்போது எழாத இக்கேள்வி இங்கே மட்டும் எழுவானேன்? பத்து மீற்றருக்கு மேல் நீளமுள்ள ஓர் அறை, பின்புறம் குண்டு தாங்கும் மறைப்பு, இரண்டு காற்றுத் துப்பாக்கி, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், பூட்டுள்ள இரும்புப் பேழை: இவ்வளவே வேண்டுவன. சட்டப்படியான அனுமதியை அதிபர் வழியே பெற்றுப் பழைய மாணவர் சங்கம் இதனை ஏற்குமாயின், ஆண் பெண் வேறுபாடின்றிப் பத்து மாணாக்கரோடு ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். அவர்களுள் எவரேனும் வயது வந்தபின் செயன்முறைப் போட்டியை நாடிச் செல்வாராயின், ஆயத்தத்தோடு செல்வர்.

இவற்றையெல்லாம் அன்னையாரிடம் கூறினேம். கணக்கும் கதையும் அவரை அசைத்தில. "அந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஒன்று அதிபரிடமும் மற்றொன்று பொறுப்பாசிரியரிடமும். இருவரும் ஒருங்கே வந்தாலன்றித் திறவாத இரட்டைப் பூட்டு என்றேம். அவர் சற்று நேரம் மகனைப் பார்த்திருந்துவிட்டு, "முதல் நாள் நானும் வந்து பார்ப்பேன்" என்றார்.