வேண்டாத குதிரைகளின் கதி

1986-ம் வருஷத்துக் கெண்டக்கி டெர்பிப் பந்தயத்தில் ஜயித்தது பெர்டினாண்டு என்னும் குதிரை. மறு வருஷம் அமெரிக்காவிலேயே சிறந்த குதிரையென்ற கௌரவமும் அதற்குக் கிடைத்தது. முப்பத்தேழு லக்ஷம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்த அக்குதிரை, பிற்பாடு ஜப்பானுக்கு விற்கப்பட்டு, இனவிருத்திக்கும் உதவாதென்று கண்டபோது 2002-ல் கசாப்புக்குச் சென்றதாக மறு வருஷம் வெளியாயிற்று. அமெரிக்க ஜனங்கள் திடுக்கிட்டனர். ஆனால் பெயரற்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் அவர்கள் நாட்டிலேயே அக்கதியை அடைந்து வந்தன.

அந்நாட்டார் பொதுவாகக் குதிரை மாமிசம் புசிப்பவரல்லர். அது ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போயிற்று. கிளர்ச்சியின் பயனாய் 2006-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் குதிரைகளைப் பரிசோதிப்போரின் சம்பளத்தைக் காங்கிரஸ் நிறுத்திற்று. (அந்நாட்டுச் சட்டசபைக்கு அப்பெயர், நேயர்கள் மயங்க வேண்டாம்.) கசாப்புச் சாலைக்காரர் தாமே கட்டணம் செலுத்திச் சிறிது காலம் தப்பினர். 2007-ல் டெக்ஸாஸிலிருந்த இரண்டும் இல்லினாயிலிருந்த ஒன்றும் மூடப்பட்டன.

பலன் யாது? 2010-ல் சுமார் 1,38,000 குதிரைகள் மெக்ஸிகோவுக்கும் கானடாவுக்கும் அனுப்பப்பட்டதாக அந்நாட்டுச் சர்க்காரின் தணிக்கை இலாகாவே 2011-ல் தெரிவித்தது. மூடுவதற்கு முன் கொல்லப்பட்டதும் ஏற்றுமதியானதும் சேர்ந்து ஏறக்குறைய இதே தொகைதான். சாவு நீங்கவில்லை; சாவுக்கு முந்திய பிரயாணம் நீண்டது. தீனியும் தண்ணீருமின்றி 28 மணி நேரம் வரை குதிரையை லாரியில் நிறுத்தி வைக்க அமெரிக்க விதி இடங்கொடுக்கிறது. எல்லையைத் தாண்டினால் அவ்விதியும் செல்லாது. பின்னர் இத்தொகை வெகுவாய்க் குறைந்ததேனும் வழி அடைபடவில்லை.

ஆதலின் கசாப்புச் சாலைகளைத் திறந்துவிடுவதே ஜீவகாருண்யம் என்கின்றனர் சிலர். நாம் உடன்படோம். தடை செய்ததில் பிழையில்லை. அரைகுறையாய்ச் செய்ததே பிழை. பணத்தை நிறுத்திக் காரியம் சாதிக்கும் தடைக்கு ஆயுள் ஒரு வருஷமே. 2011-ல் அது நீங்கிற்று. 2014-ல் மறுபடி வந்தது. சட்டமறிந்தோர் இதைச் சட்டமென்று கூறார். ஏற்றுமதியையும் சேர்த்துத் தடுக்கும் மசோதா பல தடவை வந்து, 2023-ல் கொண்டுவந்ததும் நிறைவேறாமலே போயிற்று. கொலைக்காக உயிருடன் ஏற்றுமதி செய்வதைக் கிரேட் பிரிட்டனில் 2024-ல் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றனர்.

எல்லையை அடைத்த பின் அக்குதிரைகள் எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானதே. கொலொராடோவில் குதிரைகள் பராமரிப்பின்றி வதைபடுவது பற்றிய விசாரணைகள் 2005-ல் 975; 2009-ல் 1,588. அக்காலத்துப் பொருளாதார மந்தமும் இதற்கு ஒரு காரணம். எனினும், குதிரையை வைத்துப் பிழைத்தவனே அதன் அந்திமச் செலவுக்கும் உத்தரவாதி என்பது நமது அபிப்பிராயம். 2017 முதல் பிறந்த பந்தயக் குதிரைக் குட்டிகளைப் பதிவு செய்யுமுன் அடையாளச் சில்லு பொருத்தவேண்டுமென்று அந்நாட்டு ஜாக்கி கிளப் விதித்திருக்கிறது. ஆகவே எக்குதிரை யாருடையதென்று கண்டறிதல் அரிதன்று. பதிவின்போதே ஒரு தொகையை வாங்கி வைத்து, முதுமையில் காப்பகத்துக்கோ, வைத்தியர் கையால் வேதனையற்ற முடிவுக்கோ செலவிடலாம். பந்தயத்துக்குப் புறம்பான குதிரைகளுக்கும் இவ்விதியை விஸ்தரிக்க வேண்டும். ஏற்றுமதித் தடையையும் இந்நிதியையும் ஒரே மசோதாவில் கொண்டுவர வேண்டுமென்பதே நமது யோசனை. ஒன்றை மட்டும் நிறைவேற்றினால் 2007-ல் நேர்ந்ததே மறுபடியும் நேரும்.